கூரை கழற்றிய ஹெரால்டும் என் பதிப்புக் கொள்கையும்

சென்ற மாதம் ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முந்தைய கருத்தரங்கில், குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பிற்காலக் கை ஒன்று சுவடியில் செய்த மாற்றத்தை எந்த அடிப்படையில் பிழை என்கிறீர்கள்?" ஆயத்தமாக வைத்திருந்த விடையை விட்டுவிட்டு, பெஹாலாவில் நான் பழுதுபார்த்த ஒரு பழைய காரைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அவையில் பாதிப் பேர் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. "இதை எழுதி வையுங்கள்" என்றார். இளைய ஆய்வாளர்கள் சிலரும் பிறகு கேட்டதனால் இப்பதிவு. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

கொல்கத்தா அலிப்பூரில், பெல்வெடேர் வளாகத்தில் உள்ள தேசிய நூலகத்தில் ச. வையாபுரிப் பிள்ளையின் நூல்தொகுதியும் சுவடிகளும் இருக்கின்றன என்பது தமிழ் ஆய்வுலகம் அறிந்ததே. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்தவர். 1940இல் சமாஜப் பதிப்பாகச் சங்க இலக்கியத்தைத் தந்தவர். அவருடைய சேகரிப்பைப் பார்க்கத்தான் 2021 இறுதியில் கொல்கத்தா சென்றேன். நூலகத்துக்குத் தெற்கே மாஜேர்ஹாட் பாலத்தைக் கடந்தால் தாராத்தலா, அதையடுத்துப் பெஹாலா. டயமண்ட் ஹார்பர் சாலையிலிருந்து உள்ளொடுங்கும் சந்து ஒன்றில், பழைய வீடொன்றின் மாடியறையில் குடியமர்ந்தேன். வீட்டுக்காரர் எழுபத்து நான்கு வயது அம்மையார். பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். அங்கத்திய வழக்கப்படி அவரை "மாஷிமா" என்றே அழைத்தேன். காலமான அவர் கணவரை, நேரில் பார்த்திராத போதும், "மேஷோமஷாய்" என்று குறிப்பிடப் பழகிக்கொண்டேன்.

மறு ஆண்டு மழைக்காலத்தில் சந்தில் முழங்கால் அளவு நீர் தேங்கியது. பெஹாலாவில் அது புதிதன்று. கீழ்த்தளக் கொட்டகையில் இருந்த பொருள்களை உயரத்தில் எடுத்துவைக்க மாஷிமாவுக்கு உதவச் சென்றேன். அங்கே தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கார் இருந்தது. கூரை இல்லை. கூரை இருந்திருக்க வேண்டிய இடத்தில் துருவேறிய இரண்டு வளைகுழாய்களும் மட்கிய கித்தானும் கிடந்தன. முன்மூடியின் உட்புறம் திருகப்பட்டிருந்த சிறு தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, மெட்ராஸ்.

அந்தத் தகடு என்னை நிறுத்திவிட்டது. என் பெரியப்பா அந்த நிறுவனத்தின் வண்டலூர் ஆலையில் 1964இல் சேர்ந்து, 1980களின் இறுதியில் ஆலை முடங்கும்வரை பொருத்துபிரிவில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் "கம்பெனி" என்றால் அது ஒன்றுதான். அவர் கையால் முடுக்கப்பட்ட வண்டியாகக்கூட இது இருக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. அது வெறும் ஆசை என்று எனக்கே தெரியும். ஆயினும் அன்றிரவே அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ஹெரால்டா? ரெண்டு கதவா, நாலு கதவா?" என்றார்.

"ரெண்டு கதவு பெரியப்பா. 1966ஆம் வருஷத்து வண்டி. ஆனா கூரையைக் கழற்றியிருக்காங்க."

"கழற்றலாமே, போல்ட்டுதானே. கதவு சரியா மூடுதான்னு அதை முதல்ல பாரு."

கதவு சரியாக மூடவில்லை. ஏன் என்பதை அறிய அந்த வண்டியின் வரலாற்றுக்குள் போக வேண்டியதாயிற்று.

ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் பெயரில் வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிகெலோட்டி. அக்காலத்துப் புதிய கார்கள் பெரும்பாலும் உடலும் அடிச்சட்டமும் ஒன்றேயான ஒற்றைக்கூடாக மாறிக்கொண்டிருந்தன. ஆனால் ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து தந்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக்கூட்டைச் செய்து தர ஆளில்லாத நிலையில், தனி அடிச்சட்டத்தின் மீது பல பட்டறைகளில் செய்த உடற்பகுதிகளைப் போல்ட் போட்டுப் பூட்டும் பழைய முறைக்கே திரும்பினார்கள். அந்த நெருக்கடியில் பிறந்த வடிவம் இருவகையில் நன்மையாயிற்று. ஒரே அடித்தளத்தில் கூரையுள்ள கார், திறந்த கார், பின்புறம் நீண்ட எஸ்டேட் என்று பலவற்றைச் செய்ய முடிந்தது. பகுதிகளாகப் பிரித்துக் கப்பலேற்றி வேறு நாடுகளில் பூட்டவும் முடிந்தது. 1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அவ்வாறு வந்ததே. ஆக, கூரை கழல்வது அந்த வண்டியின் குறைபாடு அன்று, இயல்பு. ஆனால் கூரை போனால் உடலின் விறைப்பில் ஒரு பங்கும் போய்விடும். மேடுபள்ளத்தில் உடல் சற்றே முறுக்கிக்கொள்ளும், கதவிடுக்குகள் விரியும். பெரியப்பாவின் கேள்விக்குப் பொருள் அதுதான்.

காரைச் சரிசெய்யலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். மாஷிமா நெடுநேரம் யோசித்து, "உன் ஆராய்ச்சி கெடாமல் செய்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கென்று ஆயின.

எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. ஆனால் ஹெரால்டு கற்பவரிடம் இரக்கம் காட்டும் வண்டி. முன்புறம் முழுதும், சக்கர மூடிகளோடு சேர்ந்து, ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். 948 சி.சி. இயந்திரம் பாடநூற் படம்போல் கண்முன் நிற்கும். முன்சக்கரத்தின் மீது உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம். உதிரிப்பொருள்களுக்கு மல்லிக் பஜார் சென்றேன். மைக்கேல் மதுசூதன தத்தர் துயிலும் லோயர் சர்க்குலர் ரோடு கல்லறைத் தோட்டத்துக்கு அருகில், இறந்த கார்களின் உறுப்புகள் மறுபிறவிக்குக் காத்திருக்கும் தெருக்கள் அவை. பெட்ரோல் பம்பின் ரப்பர்த் தகடு, பிரேக் சிலிண்டரின் வளையங்கள், கிளட்சுத் தட்டு என்று ஒவ்வொன்றையும் பழையதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒப்பிட்டு வாங்க வேண்டும். சுவடி ஒப்புநோக்குவதற்கும் அதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

தாராத்தலாப் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு முதிய மிஸ்திரி வந்து உதவினார். எல்லாரும் அவரை "உஸ்தாத்" என்றார்கள். நானும் அவ்வாறே அழைத்தேன். அவருக்கும் எனக்கும் ஒரே ஒரு சச்சரவு. ஹெரால்டின் முன்சக்கரங்கள் திரும்புவதற்கு அடியில் ட்ரன்னியன் என்ற வெண்கலத் துண்டு ஒன்று உண்டு. சக்கரத்தைத் தாங்கும் நெடுந்தண்டின் மரைமுனை அதற்குள் சுழலும். அதற்குக் கியர் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், கிரீஸ் கூடாது என்பது தயாரிப்பாளரின் கையேட்டு விதி. உஸ்தாத் கிரீஸ் துப்பாக்கியோடு வந்தார். நான் கையேட்டை நீட்டினேன். "ஐம்பது வருடமாகக் கிரீஸ்தான் போடுகிறேன்" என்றார். கழற்றிப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. இறுகிக் காய்ந்த கிரீசுக்குப் பின்னால் மரை பாதி தேய்ந்திருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கியிருக்கும். உஸ்தாத் மரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எண்ணெய்க் குப்பியை எடுத்துவரச் சொன்னார்.

அந்த வெற்றி என் தலைக்கு ஏறியது என்று இப்போது தோன்றுகிறது. நூலில் உள்ளதே சரி. வழக்கத்தில் வந்ததெல்லாம் பிழை. இந்த எண்ணத்தோடு வண்டியைச் சுற்றிவந்தேன். மேஷோமஷாய் செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. துறைமுகத்தில் பொறியாளராக இருந்தவர் அவர். கார் வேலை பொழுதுபோக்கு. 1974இல் கூரையைக் கழற்றிவிட்டு, இரும்புக் குழாய்களை வளைத்துச் சட்டமாக்கி, கித்தானைத் தைத்து மடக்குக்கூரை செய்திருக்கிறார். அளவுமானிகள் பதித்த பலகையைத் தேக்கில் புதிதாகச் செய்திருக்கிறார். இடப்பக்க இருக்கையை இரண்டு அங்குலம் உயர்த்தியிருக்கிறார். எனக்கு இவையெல்லாம் இடைச்செருகல்களாகத் தோன்றின. மூலக்கூரை மொட்டைமாடியில் குப்புறக் கிடந்தது. அதில் மண் நிரப்பி மாஷிமா பசலைக்கொடி வளர்த்துவந்தார். அதை மீட்டுப் பொருத்தினால் மூலபாடம் கிடைத்துவிடும் என்று நம்பினேன்.

என் நம்பிக்கைக்குச் சட்டமும் துணைநின்றது. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வாகனத்தின் கட்டமைப்பை மாற்றலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது; 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2021இல் வந்த புதிய விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, முதல் வடிவம் மாறாமல், அடிச்சட்டத்திலும் உடற்கூட்டிலும் இயந்திரத்திலும் பெருமாற்றம் இன்றிப் பேணப்படும் வாகனங்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து "வி.ஏ." என்ற எழுத்துகள் வரும். அந்த எழுத்துகளின் மீது எனக்கு ஒரு மயக்கம் ஏற்பட்டுவிட்டது.

ஒரு ஞாயிறு காலை பழைய இரும்பு வாங்குபவர் சந்தில் கூவிக்கொண்டு வந்தார். மாஷிமா உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார். துருப்பிடித்த வளைகுழாய்கள் இரண்டையும் மட்கிய கித்தானோடு அவரிடம் கொடுத்துவிட்டேன். அளவெடுக்கவில்லை. ஒரு படம்கூட எடுக்கவில்லை. கிடைத்த காசை மேசைமேல் வைத்தேன்; கொட்டகை அகன்றதுபோல் இருந்தது.

மாலையில் திரும்பிய மாஷிமா காசைப் பார்த்தார். கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இரவு உணவின்போதுதான் சொன்னார்.

மூடிய வண்டியில் உட்கார்ந்தால் அவருக்கு இளமை முதலே தலைசுற்றலும் வாந்தியும். திருமணமான புதிதில் தாராத்தலா தாண்டுவதற்குள் இருமுறை நிறுத்த வேண்டியிருக்குமாம். அவர் தாய்வீடு டயமண்ட் ஹார்பரில். பேருந்திலும் முடியாது, காரிலும் முடியாது. மூன்று ஆண்டு அவர் தாய்வீடு போகவில்லை. திறந்த ரிக்‌ஷாவில் மட்டும் ஒன்றும் ஆவதில்லை என்பதைக் கவனித்த மேஷோமஷாய் ஒரு குளிர்கால விடுமுறையில் கூரையைக் கழற்றினார். தொலைவில் பார்வை நின்றால் குமட்டல் அடங்கும் என்று இருக்கையை உயர்த்தினார். அதன்பின் ஆண்டுக்கு நான்கைந்து முறை அந்த நாற்பது சொச்சம் கிலோமீட்டரும் காற்றில் போய்வந்திருக்கிறார்கள். மழை வந்தால் மடக்குக்கூரையை இழுத்து மூட இரண்டு நிமிடம். "அந்தக் குழாயை வளைப்பதற்குள் அவர் மூன்று குழாயை முறித்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றினார்.

மறுநாள் அந்த இரும்புக்காரரைத் தேடி சகேர்பஜார் முதல் டாக்குர்புக்குர் வரை அலைந்தேன். கிடைத்தார். குழாய்கள் கிடைக்கவில்லை, அன்று மாலையே கிடங்கு மாறிவிட்டிருந்தன.

நண்பர்களே, பதிப்பியல் வகுப்பில் முதல்நாளே நாம் கற்பது என்ன? ஏற்காத பாடத்தையும் அடிக்குறிப்பில் காட்டு என்பது. உ.வே.சா. பிரதிபேதங்களைக் காட்டியமையால்தான் இன்று நாம் அவர் முடிவோடு உடன்படவும் முரண்படவும் முடிகிறது. தாம் தேர்ந்ததை மட்டும் அச்சிட்டு மற்றதைத் தீயிலிட்டிருந்தால், அவர் தேர்வு சரியானதாகவே இருந்தாலும், அதைச் சரி என்று சொல்லும் வழி நமக்கு இருந்திராது. இதை மாணவர்களுக்கு நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். கையில் உண்மையான பொருள் ஒன்று கிடைத்தபோது, மட்கியது, துருவேறியது, மூலத்தில் இல்லாதது என்று எடைக்குப் போட்டுவிட்டேன்.

என் மனத்தை மிகவும் உறுத்தியது வேறொன்று. மாற்றம் ஏன் செய்யப்பட்டது என்று கேட்க, அதை அறிந்தவர் ஒருவர் அதே வீட்டில் இருந்தார். நாள்தோறும் அவரோடு உணவருந்தினேன். கேட்கவில்லை.

பிழையைத் திருத்தும் வேலை மறுவாரம் தொடங்கியது. வளைகுழாய்களின் அளவை மீட்பதற்கு மூன்று சான்றுகள் இருந்தன. உடலின் இருபுறமும் மேஷோமஷாய் துளைத்த நான்கு நான்கு துளைகள், 1976இல் எடுத்த ஒரு கறுப்புவெள்ளைப் புகைப்படம், மாஷிமாவின் நினைவு. படத்தில் மாஷிமா காருக்கு அருகில் நிற்கிறார். அவர் உயரம் தெரியுமாதலால் அதை அளவுகோலாகக் கொண்டு சட்டத்தின் உயரத்தைக் கணக்கிட்டோம். "இன்னும் தாழ்வு. மூடினால் என் கொண்டை கித்தானில் இடிக்கும்" என்று மாஷிமா திருத்தினார். உஸ்தாத் குழாய்க்குள் மணலை அடைத்து, சூடேற்றி வளைத்தார். இரண்டு முறிந்தன. மாஷிமா எண்ணிக்கொண்டிருந்தார். மேஷோமஷாயின் மூன்றை நாங்கள் எட்டவில்லை.

அவ்வாண்டு விசுவகர்மா பூசையன்று, பெஹாலா வானமெல்லாம் பட்டம் பறந்துகொண்டிருந்தபோது, இயந்திரம் முதன்முறையாகச் சுழன்றது. நம் ஊர் ஆயுதபூசையைப் போலக் கருவிகளைத் தொழும் நாள் அது. உஸ்தாத் முசுலிம், ஆனாலும் பொரியும் இனிப்பும் முதலில் அவருக்குத்தான் போயின. பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் இயந்திர ஓசையைக் கேட்கவைத்தேன். "நாலாவது சிலிண்டர் சரியா எரியல" என்றார் வண்டலூரிலிருந்து. பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது கரியேறியிருந்தது.

இனிக் கூரை. பசலைக்கொடியை இடம் மாற்றி, மண்ணைக் கொட்டி, துரு தின்ற விளிம்புகளுக்குத் தகடு வைத்துப் பற்றவைத்தாயிற்று. எதைப் பொருத்துவது என்ற கேள்வியை இம்முறை நான் முடிவுசெய்யவில்லை. மாஷிமாவிடம் கேட்டேன். திறந்த காரைத்தான் சொல்வார் என்று எண்ணினேன்.

"கூரையைப் போடு" என்றார். "இப்போது டயமண்ட் ஹார்பர் சாலையில் திறந்துகொண்டு போனால் புழுதிதான் தின்ன வேண்டும். எனக்கு மூச்சிரைப்பு. தாய்வீட்டில் யாரும் இல்லை. அன்று கழற்றியதற்குக் காரணம் இருந்தது. இன்று மூடுவதற்குக் காரணம் இருக்கிறது."

நான் நூலைக் காட்டி வாதிட்ட அதே முடிவு. ஆனால் வந்த வழி முற்றிலும் வேறு. நான் "மூலம்" என்ற சொல்லால் அங்கே சென்றேன். அவர் ஒரு வாழ்க்கையால் சென்றார்.

2024 சனவரியில் ஒரு காலை, கூரையை நிலையாகப் பூட்டுவதற்கு முன், வளைகுழாய்களையும் புதுக் கித்தானையும் ஒருமுறை பொருத்தினோம். பதிவு இல்லாத வண்டி, பதிவுக்கு மாறான வடிவம். ஆகவே வாயிற்கதவைத் தாண்டவில்லை. உயர்த்திய இருக்கையில் மாஷிமா அமர்ந்தார். கொட்டகையிலிருந்து மாமரம் வரை ஓட்டினேன். நாற்பது அடி இருக்கும். சிறு வட்டத்தில் திரும்பக்கூடிய வண்டி ஆதலால் மரத்தைச் சுற்றியும் வர முடிந்தது. பாதியில் இடப்பக்கக் கதவு தானே திறந்துகொண்டது. "அப்போதும் இப்படித்தான். நான் பிடித்துக்கொள்வேன்" என்று சொல்லி, கையை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். பார்க்காமலே அவர் கை சரியான இடத்துக்குப் போனது. மூன்று சுற்று வந்தோம்.

பிறகு நால்வர் சேர்ந்து கூரையைத் தூக்கிவைத்துப் போல்ட்டுகளை முடுக்கினோம். கதவு அழுத்தமாக மூடியது. தேக்குப் பலகையையும் உயர்ந்த இருக்கையையும் மாற்றவில்லை. அவற்றால் பதிவு மறுக்கப்பட்டால் மறுக்கப்படட்டும் என்பது மாஷிமாவின் நிலைப்பாடு. வளைகுழாய்கள் எண்ணெய் தடவிய துணி சுற்றிக் கொட்டகையில் இருக்கின்றன. அவற்றுக்கான எட்டுத் துளைகளையும் அடைக்கவில்லை. விண்ணப்பம் இன்னும் நடையில் இருக்கிறது.

கருத்தரங்கில் பேராசிரியர் கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான். பிற்காலக் கையின் மாற்றத்தை இனி எடுத்த எடுப்பில் பிழை என்று சொல்லமாட்டேன். ஏடெழுதுபவர் கவனமின்றிச் செய்த பிழைகள் உண்டு. ட்ரன்னியனில் கிரீஸ் இட்டதுபோல், அவை பாடத்தையே முறித்துவிடும். அவற்றைத் துணிந்து நீக்கத்தான் வேண்டும். ஆனால் ஒருவர் தம் காலத்துத் தேவைக்காக, தம்மோடு வாசித்த ஒருவருக்காகச் செய்த மாற்றங்களும் உண்டு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துக் குப்பையில் தள்ளுவது பதிப்பு ஆகாது. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் "பிழைகள்" என்று தலைப்பிட்டிருந்த பட்டியலை இப்போது இரண்டாகப் பிரித்திருக்கிறேன். எது எந்தப் பட்டியலுக்கு உரியது என்று துணிய முடியாத இடங்கள் பல. அவற்றை அவ்வாறே குறித்திருக்கிறேன். ஒப்படைப்பு ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. நெறியாளர் பொறுத்துக்கொண்டார்.

காரின் கையுறைப் பெட்டிக்குள் ஒரு குறிப்பேடு வைத்துவந்தேன். எந்தப் பகுதி எப்போது மாற்றப்பட்டது, யார் மாற்றினார், பழையது என்னவாயிற்று என்பவற்றை வங்காளத்தில் மாஷிமாவும் தமிழில் நானும் எழுதியிருக்கிறோம். 1974ஆம் ஆண்டுப் பதிவுகள் அவர் சொல்லக் கேட்டவை. முதற்பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி உண்டு: "வளைகுழாய்கள் இரண்டு, மேஷோமஷாய் செய்தவை, என்னால் தொலைந்தன, இப்போது இருப்பவை போலி." அதன் கீழே மாஷிமா ஒரு சொல்லைத் திருத்தியிருக்கிறார். "போலி" என்பதன் வங்காளப் பொருளை என்னிடம் கேட்டறிந்து, அதை அடித்துவிட்டு, வங்காளத்தில் "படி" என்று பொருள்படும் சொல்லை எழுதியிருக்கிறார்.

அடித்த சொல்லும் தெளிவாகத் தெரியும்படிதான் அடித்திருக்கிறார்.